யார் கூற்று? – சுலைமான் நபியின் பெயரில் வழங்கும் எபிரேய நூல்களும் நம்மட கரைக் கவியும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒலுவில் துறைமுகப் பக்கம் பின்நேரம் காற்று வாங்கப் போகிறவர்களின் பேச்சு எப்படியும் கப்பலில் வந்து நிற்கும். 2013 செப்டம்பரில் திறந்த துறைமுகத்துக்கு ஏன் கப்பல் வரவில்லை, வாயை ஏன் மணல் மூடுகிறது, கரையை ஏன் கடல் தின்கிறது என்று ஒரு சுற்று ஓடும். பிறகு யாராவது ஒருவர், "அந்தக் காலத்துல சுலைமான் நபிட கப்பலே நம்மட நாட்டுக்கு வந்திருக்காம்" என்று தொடங்குவார்.

இந்தக் கதை சும்மா வந்ததல்ல. பைபிளின் முதலாம் இராஜாக்கள் நூல் 10ஆம் அதிகாரத்தில் ஒரு செய்தி உண்டு. சுலைமான் அவர்களின் கப்பல்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்தன என்பது அது. அங்கே மயிலுக்கு எபிரேய மொழியில் வரும் சொல் 'துக்கி'. இது நம் 'தோகை' என்ற சொல்தான் என்று கால்டுவெல் 1856இல் வெளிவந்த தன் திராவிட ஒப்பிலக்கண நூலில் எழுதினார். 1859இல் இலங்கை பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். கப்பல்கள் போய்வந்த தர்ஷீஸ் என்ற இடம் நம் நாட்டுக் காலிதான் என்று வாதாடினார்.

சொல் கடல் கடந்து போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பல அறிஞர்கள் ஏற்கிறார்கள். கப்பல் காலிக்கு வந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நம் ஒலுவிலுக்கு வந்ததாகச் சொல்ல ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஆனால் கப்பலை விட்டுவிட்டு நாம் பார்க்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. அதே சுலைமான் அவர்களின் பெயரில் எபிரேய மொழியில் மூன்று நூல்கள் வழங்குகின்றன. தமிழ் பைபிளில் அவற்றின் பெயர் நீதிமொழிகள், பிரசங்கி, உன்னதப்பாட்டு. இவற்றோடு ஐயூப் நபியின் பெயரால் அமைந்த யோபு என்ற நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவது அறிவுரை, இரண்டாவது வாழ்க்கை பற்றிய ஐயம், மூன்றாவது காதல், நாலாவது துன்பத்தில் எழும் வழக்கு. இந்த நாலையும் ஒரே வேதத் தொகுப்புக்குள் ஒரு சமூகம் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறது. எப்படி வைத்திருக்க முடிந்தது என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி. அந்தக் கேள்விக்கும் நம் மூத்தம்மாமாரின் கவிக்கும் தொடர்பு இருக்கிறது. கடைசியில் வருகிறோம்.

முதலில் இரண்டு விளக்கம். எபிரேயம் என்றதும் இன்றைய இஸ்ரேல் அரசும் காஸாவும் நினைவுக்கு வந்து மனம் கசப்பவர்கள் நம்மில் அதிகம். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் அந்த மொழி இன்றைய எந்த அரசின் சொத்தும் அல்ல. அரபிக்கு அக்கா தங்கை முறையான மொழி அது.

அடுத்தது, இந்த நூல்களை வஹியாக நம்ப வேண்டும் என்ற கடமை நமக்கில்லை. சுலைமான் நபி (அலை), ஐயூப் நபி (அலை) பற்றி நாம் நம்ப வேண்டியதை அல்குர்ஆன் சொல்லிவிட்டது. இங்கே நாம் வாசிப்பது இலக்கிய வரலாறாக. ஆய்வாளர்களும் இவை சுலைமான் அவர்களின் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியே இன்றைய வடிவத்தைப் பெற்றன என்று சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று நமக்கு மிகவும் பழகிய சொல். உன்னதப்பாட்டிலும் பிரசங்கியிலும் தோட்டத்தைக் குறிக்க 'பர்தேஸ்' என்று வருகிறது. அது பழைய ஈரானிய மொழிச் சொல். பாரசீகர் ஆட்சிக்குப் பிறகே எபிரேயத்துக்குள் வந்திருக்க முடியும். நாம் துஆவில் கேட்கும் 'பிர்தௌஸ்' இதே வேரில் முளைத்ததுதான்.

இப்படி வாசிப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது கூடவே இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். நெற்றியில் திருநீறு பூசிய சைவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகியது. இன்னொருவரின் நூலை ஊன்றிப் படித்ததால் நாவலரின் சைவம் குறைந்துவிடவில்லை.

இனி நூல்களுக்கு வருவோம்.

எபிரேயத்தில் ஞானத்துக்கு 'ஹொக்மா' என்று பெயர். நாம் சொல்லும் 'ஹிக்மத்' தான். பழமொழிக்கு 'மாஷால்', அரபியில் 'மஸல்'. நீதிமொழிகள் நூலின் பேச்சுமுறை ஒரு தந்தை மகனைக் கூப்பிட்டுச் சொல்வது. லுக்மான் சூராவை ஓதியவர்களுக்கு இது உடனே பிடிபடும். லுக்மான் (அலை) 'என் அருமை மகனே' என்று அழைத்தே சொல்கிறார்: இணை வைக்காதே, பெருமையாக நடக்காதே, குரலைத் தாழ்த்து. பழைய எகிப்திலும் அறிவுரை நூல்கள் இதே முறையில்தான் எழுதப்பட்டன. அமெனெமோப்பே என்ற எகிப்தியரின் அறிவுரை 30 பகுதி கொண்டது. 1920களில் அது அச்சாகி வெளிவந்தபோது, நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியில் தொடங்கும் பகுதியோடு அது பல இடங்களில் ஒத்துப்போவதைக் கண்டு அறிஞர்கள் வியந்தார்கள். ஹிக்மத் எல்லை கடந்து பயணம் செய்யும் பொருள்.

பாடசாலையில் ஆத்திசூடி படிப்பிக்கும் நமக்கு இன்னொரு செய்தி சந்தோசம் தரும். நீதிமொழிகளின் கடைசிப் பகுதி ஒரு கெட்டிக்காரப் பெண்ணைப் பற்றிய பாட்டு. அதில் 22 அடி. எபிரேய எழுத்தும் 22. ஒவ்வோர் அடியும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். ஔவை அகரவரிசையில் கோத்தது போலவே அவர்களும் பிள்ளைகளின் ஞாபகத்துக்காகக் கோத்திருக்கிறார்கள். அந்த எழுத்து வரிசை நமக்கும் தெரியும். அப்ஜத், ஹவ்வஸ், ஹுத்தீ என்று மதரஸாவில் கேட்ட வரிசை அது. 786 என்று கடைப் பலகையில் எழுதும் கணக்கும் அதிலிருந்து வருவதுதான். தமிழில் மொழிபெயர்க்கும்போது கருத்து வந்தது, அந்த வரிசை போய்விட்டது.

இதே நூலில் நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான விசயம் வேறு. எந்தப் பகுதி யாருடைய பேச்சு என்று நூலே சொல்கிறது. இது சுலைமானுடையது, இது ஞானிகளுடையது, இது ஆகூர் என்பவருடையது என்று தலைப்புகள் வருகின்றன. கடைசி அதிகாரத்தின் தொடக்கம் லேமுவேல் என்ற அரசனுக்கு அவனுடைய தாய் சொன்னது. ஓர் உம்மாவின் அறிவுரை, உம்மாவின் பேச்சு என்ற அடையாளத்தோடே வேதத்துக்குள் இருக்கிறது.

கலாசாலையில் அகநானூறும் குறுந்தொகையும் படித்தபோது பாட்டுக்குக் கீழே ஒரு சிறு குறிப்பைப் பார்த்திருக்கிறோம். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தக் குறிப்புதான் உண்மையில் பாட்டின் திறப்பு. யார், யாரிடம், எப்போது சொன்னது என்று தெரியாமல் பாட்டுக்குள் போனால் கருத்து தலைகீழாகிவிடும்.

யோபு நூல் இதற்குப் பெரிய சான்று. 42 அதிகாரம். தொடக்கமும் முடிவும் உரைநடையில் கதை. நடுவில் இருப்பது நீண்ட கவிதை வாக்குவாதம். பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து உடம்பெல்லாம் புண்ணாக இருக்கும் மனிதரிடம் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட இருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். பிறகு பேசத் தொடங்கினார்கள். இறைவன் நீதியானவன், ஆகவே நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தனியே பிடுங்கிப் படித்தால் அவர்கள் பேச்சு பக்தி ததும்பும் பேச்சு. அழகான வரிகளும் உண்டு. ஆனால் நூலின் முடிவில் அந்த நண்பர்கள் சரியானதைப் பேசவில்லை என்றே தீர்ப்பாகிறது. அப்படியானால் நண்பர்களின் வரியை எடுத்து 'வேதம் சொல்கிறது' என்று ஒருவர் காட்டினால் அது வேதத்தின் முடிவல்ல. வேதம் மறுத்த வாதம்.

அல்குர்ஆனில் ஐயூப் நபி பொறுமைக்கு உதாரணம். எபிரேய நூலில் அவர் வாய்விட்டு முறையிடுகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலுமே அவருடைய நோய் பாவத்தின் சம்பளம் இல்லை.

2004 டிசம்பர் 26 நம் தலைமுறைக்கு மறக்காது. அப்போது நாங்கள் சிறுவர்கள். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரை முழுவதும் மையித்துகள். கபன் துணி போதாத நாள். மண் காயும் முன்னரே சில மேடைகளில், "இது நம்ம பாவத்துக்கு வந்த தண்டனை" என்று பேச்சு எழுந்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த உம்மாமார் கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலிப்பாஸும் பில்தாதும் பேசிய அதே பேச்சு. நம் மார்க்கம் அந்த உம்மாமாருக்கு வைத்திருந்த சொல் வேறு. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத்களில் ஒருவர் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பிரசங்கி பற்றிச் சுருக்கமாக ஒன்று. அந்த நூலின் மையச் சொல் 'ஹெவெல்'. மூச்சு, ஆவி, குளிர்ந்த காலையில் வாயிலிருந்து வெளிவந்து மறையும் புகை என்று பொருள். தமிழ் பைபிள் அதை 'மாயை' ஆக்கியது. மாயை என்றதும் தமிழ் வாசகருக்கு வேதாந்தமும் சித்தாந்தமும் வந்துவிடும். உலகம் பொய்த்தோற்றம் என்று எண்ணிவிடுவார். மூச்சு பொய்யல்ல. இருக்கிறது, பிடித்துவைக்க முடியாது, அவ்வளவுதான். துன்யாவைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

இப்போது உன்னதப்பாட்டு. எட்டு அதிகாரம், 117 வசனம். அதை முதன்முறை வாசிக்கும் எவரும் திகைப்பார்கள். தொழுகை இல்லை, சட்டம் இல்லை, வரலாறு இல்லை. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒருவரையொருவர் பாடுகிறார்கள். பாதிக்கு மேல் பெண்ணின் குரல். தொடங்குவதும் அவள், முடிப்பதும் அவள். வெயிலில் தோட்டம் காத்ததால் கறுத்துப்போனேன் என்கிறாள். அண்ணன்மார் கோபிக்கிறார்கள். இரவில் அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் எழுந்து திறப்பதற்குள் போய்விடுகிறான். தேடிப் போகிறாள், ஊர்க்காவலர் பிடித்து அடிக்கிறார்கள். எருசலேமின் பெண்களிடம் தன் நிலையைச் சொல்லி உதவி கேட்கிறாள்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை. தினைப்புனம் காக்கும் பெண், இரவுக்குறி, ஊர்க்காவல், தோழி எல்லாம் அகத்திணையில் பார்த்தவைதான். அவனை அவள் தலையிலிருந்து கால் வரை வர்ணிக்கிறாள். ஏழாம் அதிகாரத்தில் அவளைக் காலிலிருந்து தலை வரை வர்ணிக்கும் பாட்டு வருகிறது. நாம் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்போம். அரபியில் 'வஸ்ஃப்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் தூதராக இருந்த வெட்ஸ்டைன் என்ற ஜெர்மானியர், சிரியாக் கிராமக் கல்யாணங்களில் மணமக்களை அரசன் அரசியாக வைத்து இப்படி வஸ்ஃப் பாடுவதைப் பதிவு செய்தார். அதைப் படித்த பிறகுதான் ஐரோப்பியர் பலருக்கு இந்த நூல் விளங்கத் தொடங்கியது.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாயிம் ராபின் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண் தன் ஏக்கத்தைத் தானே பாடுவது, இயற்கை பாட்டில் கலந்து நிற்பது ஆகியவற்றைக் காட்டி, இந்த நூலுக்கும் தமிழ் அகப்பாட்டுக்கும் வணிக வழித் தொடர்பு இருக்கலாம் என்றார். தோகை போன வழியில் பாட்டும் போயிருக்கலாம் என்ற எண்ணம். 1988இல் ஆபிரகாம் மரியசெல்வம் இரண்டையும் ஒப்பிட்டுத் தனி நூலே வெளியிட்டார். நமக்குப் பெருமைதான். ஆனாலும் நேரடிக் கடன் நிறுவப்படவில்லை. எகிப்தில் இன்னும் பழைய காதல் பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. அவை எபிரேயருக்கு நம்மைவிட மிகவும் கிட்டிய அயல்.

இந்தப் பாட்டு வேதத்துக்குள் சண்டையில்லாமல் இருந்துவிடவில்லை. யூத அறிஞர்கள் உன்னதப்பாட்டையும் பிரசங்கியையும் வைத்து விவாதித்தது சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் பதிவாகியுள்ளது. ரப்பி அகீவா என்பவர் உன்னதப்பாட்டுக்காக வாதாடி, அது எல்லாவற்றிலும் மேலான புனிதம் கொண்டது என்றார். அதே அகீவா விருந்துக் கூத்தில் அதைப் பாடித் திரிவதைக் கண்டித்தவரும் ஆவார். யூதர் அதை இறைவனுக்கும் தம் சமூகத்துக்கும் இடையிலான அன்பாக வாசித்தார்கள். கிறிஸ்தவர் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் என்றார்கள். நமக்கு இது விளங்காத வழி அல்ல. குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக வைத்து ஏங்கிப் பாடியவர்தானே.

இதிலும் கூற்றுச் சிக்கல் வந்தது. எபிரேயப் பாட்டில் பேசுபவர் பெயர் எழுதப்படவில்லை. 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சினாய் கிரேக்கப் பிரதியில், இது மணமகள் பேசுவது, இது மணமகன் பேசுவது என்று சிவப்பு மையில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். தலைவி கூற்று, தலைவன் கூற்று! நம் ஏடுகளில் கூற்று எழுதியவரின் தேவையும் அந்த எழுத்தரின் தேவையும் ஒன்றுதான்.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த ஆண் தன் காதலியை 'சகோதரி' என்று அழைக்கிறான். எகிப்தியக் காதல் பாட்டிலும் அப்படித்தான். அவர்களுக்கு அது நெருக்கத்தின் சொல். தமிழ் பைபிளில் அதை நேரே மொழிபெயர்த்துவிட்டார்கள். நமக்கோ அந்தச் சொல் காதலின் கதவைப் பூட்டும் சொல். ஒருத்தியைத் தங்கச்சி என்றுவிட்டால் அதோடு முடிந்தது. நம் முறையில் கதவைத் திறக்கும் சொல் மச்சி, மச்சான். உறவும் அதுதான், உரிமையும் அதுதான். நம் கரையின் கவி முழுக்க மச்சானும் மச்சியும் நிறைந்திருப்பது அதனால்தான்.

கவிக்கு வந்துவிட்டோம். அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரை நம் மூத்தம்மாமார் நாலடிக் கவி கட்டிப் பாடியவர்கள். நெல்லு குத்தும்போதும், பாய் இழைக்கும்போதும், வயல் வாடிக்குப் போன மச்சானை நினைக்கும்போதும் பாடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எதுகை தவறாமல் பாடினார்கள். வி.சீ. கந்தையா 1964இல் வெளிவந்த 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலில் இந்தப் பக்கத்து நாட்டுப் பாடல்களை எழுதினார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் ஊர் ஊராகப் போய்த் தொகுத்தார். அவர்கள் எழுதியது மிஞ்சியது.

இன்று அந்தக் கவி தெரிந்த மூத்தம்மாமார் பேரப்பிள்ளைகள் முன் வாய் திறப்பதில்லை. "சீ, அதெல்லாம் ஒரு பாட்டா?" என்று பிள்ளைகளே அடக்குகிறார்கள். காதல் பாட்டுப் பாடிய பெண் என்று யாரும் பேசிவிடுவார்களோ என்று வெட்கம். மார்க்கத்தைக் காட்டி மௌனமாக்குபவர்களும் உண்டு.

இந்த வெட்கம் கூற்று தெரியாததால் வருவது. கவியில் வரும் 'நான்' பாடுகிறவள் அல்ல. அது தலைவி கூற்று. ஐந்து பிள்ளை பெற்ற உம்மாவும் அதைப் பாடுவாள். கல்யாணம் முடிக்காத குமரும் பாடுவாள். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதி வகுத்தது. நம் மூத்தம்மாமார் தொல்காப்பியம் படிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கவியில் மச்சானுக்குப் பெயர் இல்லை. மார்க்கத்தைக் காட்டுபவர்களுக்கு கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் கஸீதாவை நினைவூட்டலாம். அது ஸுஆத் என்ற காதலியின் பிரிவைப் பாடித்தான் தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் அது பாடப்பட்டது. போர்வையைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஸுஆத் யார் என்று அங்கே யாரும் விசாரணை வைக்கவில்லை. அது கவிதையின் முறை என்று அரபிகளுக்குத் தெரியும்.

கூற்றைப் பார்க்காத பழக்கம் பாட்டோடு நிற்பதில்லை. யூஸுப் சூராவில் பெண்களின் சூழ்ச்சி பெரியது என்ற கருத்தில் ஒரு வாசகம் வருகிறது. பயான்களில் அதை எத்தனை முறை கேட்டிருப்போம், பெண்களைப் பற்றி அல்லாஹ்வே தீர்ப்புச் சொன்னது போல. சூராவைத் திறந்து முன்பின் பாருங்கள். சட்டை பின்புறம் கிழிந்திருப்பதைக் கண்டதும் அந்த வீட்டில் ஒருவர் சொன்ன வார்த்தை அது. அஸீஸ் சொன்னது என்பார்கள், சாட்சி சொன்னவர் சொன்னது என்பாரும் உண்டு. ஒரு வீட்டில் ஒருநாள் ஒருவர் சொன்னதை அல்லாஹ் நமக்கு எடுத்துச் சொல்கிறான். அதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாருடைய தலையிலும் வைக்க நமக்கு அதிகாரம் இல்லை.

அறிவுரையையும் ஐயத்தையும் காதலையும் முறையீட்டையும் ஒரே தொகுப்பில் வைத்துக் காத்தவர்கள் அதைச் செய்ய முடிந்தது எப்படி என்று மேலே கேட்டோம். வாசிக்கும் முறையை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இது யார் பேச்சு, எந்த வகைப் பாட்டு, எப்போது பாடுவது என்பது பாட்டோடு கூடவே வந்தது. முறை போனால் பாட்டும் போகும், இல்லையென்றால் பாட்டு அடிக்கிற பொல்லாகிவிடும்.

ஆசிரியராக இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அகத்திணை படிப்பிக்கும் பாடவேளையில் ஒரு நாளை நம் கவிக்குக் கொடுங்கள். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, வீட்டில் மூத்தம்மாவிடம் கேட்டு நாலு கவி எழுதிவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கவிக்குக் கீழும் தலைவி கூற்றா, மச்சான் கூற்றா, உம்மா கூற்றா என்று மூத்தம்மாவிடமே கேட்டு எழுதட்டும். எந்த ஊர், எந்த வேலையின்போது பாடியது என்பதும் இருக்கட்டும். பாடியவரின் பெயரைப் போட விருப்பமில்லை என்றால் போட வேண்டாம். அதுவும் அகத்தின் மரபுதான்.

மூத்தம்மா இன்னும் கூட இருப்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள். வயது போனவர்கள், நாளைக்கு என்று வைக்க முடியாது. எழுதியதைக் கீழே பின்னூட்டத்தில் கூற்றோடு பதியுங்கள். சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.